சுட்டியின் ஆயுள்

என் மேசையின் இழுப்பறையில் ஒரு சுட்டி இருக்கிறது. கருநிறம். வலக்கைப் பெருவிரல் படும் இடத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்து சாம்பல் பூத்திருக்கும். அடிப்பகுதியில் ஒட்டியிருந்த தாளின் எழுத்துகள் என்றோ அழிந்துவிட்டன. 2014ஆம் ஆண்டு தீபாவளி கழிந்த வாரத்தில் வாங்கியது. இன்றும் கணினியில் செருகினால் சிவப்பு ஒளி சிந்தி விழித்துக்கொள்ளும்.

கணினி விளையாட்டுக்கென்றே செய்யப்படும் சுட்டி எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. எனக்கு உடனே விடை சொல்ல வருவதில்லை. நான் கண்ட விடையில் என் அப்பாவின் தையல் எந்திரமும், நான் சொன்ன ஒரு பொய்யும், ஒரு துளி எண்ணெயும் சேர்ந்திருக்கின்றன.

அப்பா அருப்புக்கோட்டையில் தையற்கலைஞர். வீட்டின் முன்னறைதான் கடை. அப்போது நான் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கணினி என்று சொல்ல ஒன்றே ஒன்று இருந்தது. 2011இல் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்தது அது. அக்கா கல்லூரிக்குச் சென்ற நேரத்திலும் உறங்கிய நேரத்திலும் அது என்னுடையதாயிற்று. நண்பன் ஒருவனின் வீட்டில் ‘கவுண்டர் ஸ்டிரைக்’ என்னும் விளையாட்டைக் கற்றிருந்தேன். பழைய விளையாட்டு, எளிய மடிக்கணினியிலும் தடையின்றி ஓடும். ஆனால், மடிக்கணினியின் தொடுபலகையை விரலால் தேய்த்து அதை ஆட முடியாது. மூலையில் தலைகாட்டும் எதிரியை நோக்கித் திரும்புவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

“கணினிச் செய்முறைப் பயிற்சிக்கு ஒரு சுட்டி வேண்டும் அப்பா. இந்த வகைதான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்” என்றேன்.

“என்ன விலை?”

“ஆயிரத்து ஐந்நூறு.”

அப்பா வெட்டுமேசையிலிருந்து தலையை உயர்த்தாமல் சற்றுநேரம் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காலத்தில் அவர் ஒரு சட்டைக்கு வாங்கிய கூலி 125 ரூபாய். ஆயிரத்து ஐந்நூறு என்பது பன்னிரண்டு சட்டைகள். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை, அவர் போட்டிருப்பார். முந்நூறு ரூபாய்க்கே நல்ல சுட்டி கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும்; அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் கண்விழித்துத் தைத்த கூலியிலிருந்து மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து, எச்சில் தொட்டு எண்ணி என் கையில் கொடுத்தார்.

பெட்டியைப் பிரித்த நாளில் அதன்மேல் அச்சிட்டிருந்த ஒரு வரி என்னை மிகவும் கவர்ந்தது. இரண்டு கோடி அழுத்தங்களைத் தாங்கும் பொத்தான்கள் என்று அதில் இருந்தது. இரண்டு கோடி! என் வாழ்நாள் முழுவதற்கும் இதுவே போதும் என்று எண்ணினேன்.

முதல் கோளாறு நான்கே மாதங்களில் வந்தது. திரையில் சுட்டுக்குறி தானாக நடுங்கியது. நான் இடப்புறம் நகர்த்தினால் அது நின்று யோசித்துப் பின் தாவியது. கணினியைத் திட்டினேன், மின்சாரத்தைத் திட்டினேன். எந்திரத்தின்முன் அமர்ந்திருந்த அப்பா, “கொண்டு வா இங்கே” என்றார். சுட்டியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒளி வருகின்ற சிறு துளைக்குள், கண் கூர்ந்து பார்த்தாலன்றித் தெரியாத நீலநூல் பிசிறு ஒன்று சுருண்டு கிடந்தது. அவர் ஊசியை எடுத்தார். கூர்முனையால் தொடவில்லை, ஊசியைத் திருப்பிக் காதுப்பக்கத்தை உள்ளே விட்டுப் பிசிறை மெல்லச் சுழற்றி எடுத்தார்.

“உள்ளே கண்ணாடி மாதிரி ஏதோ இருக்கிறது. கூரால் குத்தினால் கீறிப்போகும்” என்றார்.

உள்ளே இருந்தது கண்ணாடி போன்ற வில்லைதான். இக்காலச் சுட்டி ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் ஒரு மிகச்சிறிய ஒளிப்படக்கருவி இருக்கிறது. விளக்கொளி மேசையின் பரப்பில் சாய்வாக விழுகிறது. அப்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களை அக்கருவி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம்பிடிக்கிறது. முந்தைய படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, எத்திசையில் எவ்வளவு நகர்ந்தோம் என்பதைக் கணக்கிடுகிறது. நடுவே நூல் பிசிறு கிடந்தால் அது தரையையும் பிசிறையும் பிரித்தறியாது. தையற்காரர் வீட்டில் பிசிறுக்குப் பஞ்சமில்லை. எங்கள் வீட்டுக் காற்றிலேயே நூல் மிதக்கும். சோற்றிலும் சிலபோது கிடைக்கும்.

சுட்டி எப்போதுமே இப்படி இருந்ததில்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவர் எண்ணிப் பார்த்த வடிவத்தை அவருடைய உடன்பணியாளர் பில் இங்கிலீஷ் 1964இல் உருவாக்கினார். மரத்தைக் குடைந்து செய்த கூடு. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு உலோகச் சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். வால்போல வடம் நீண்டதால் அதை எலி என்று அழைத்தனர். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கெல்பார்ட் அதனைப் பொதுமேடையில் இயக்கிக் காட்டினார். சக்கரங்களின் இடத்தைப் பின்னர் ஓர் உருண்டை பிடித்துக்கொண்டது. எங்கள் பள்ளியின் கணினி அறை அலமாரியில் உருண்டைச் சுட்டிகள் சில தூசி படிந்து கிடந்தன. அடிமூடியைத் திருகி உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் உருளைகளில் வளையமாகப் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டிப் பார்ப்பது எங்களுக்கொரு பொழுதுபோக்கு. 1999க்குப் பிறகு ஒளியால் இயங்கும் சுட்டிகள் சந்தையில் பெருகின. உருண்டை போனதும் அழுக்கைச் சுரண்டும் வேலை போயிற்று. சுட்டியைத் துடைக்க வேண்டும் என்ற நினைப்பும் அதனுடனே போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது எந்திரத்தின் நாள். அவருடையது காலால் மிதிக்கும் பழைய சிங்கர் எந்திரம், தாத்தா காலத்தது. காலை உணவு முடிந்ததும் ஊசித்தட்டைக் கழற்றுவார். துணியை நகர்த்தும் பற்களுக்கிடையே அடைந்திருக்கும் பஞ்சைப் பழைய தூரிகையால் தட்டி எடுப்பார். பாபின் கூட்டைக் கழற்றி ஊதுவார். பிறகு, மூக்கு நீண்ட சிறு குப்பியிலிருந்து ஒவ்வொரு துளையிலும் ஒரு துளி எண்ணெய். துணியேதும் வைக்காமல் சிறிதுநேரம் மிதித்து ஓடவிட்டு, எஞ்சிய எண்ணெயைக் கழிவுத்துணியால் ஒற்றி எடுப்பார். மறுநாள் வரும் வெள்ளைச் சட்டையில் கறை படக்கூடாதல்லவா? இவ்வளவும் முக்கால் மணிநேரம் எடுக்கும். நான் பக்கத்து அறையில் அமர்ந்து சுட்டுக்கொண்டிருப்பேன்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து கல்லூரிக்குக் காத்திருந்த 2016ஆம் ஆண்டின் கோடையில் இரண்டாம் கோளாறு வந்தது. இடப்பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாகக் கணினி எடுத்துக்கொண்டது. கோப்பைத் தேர்ந்தெடுக்க நினைத்தால் அது திறந்துகொண்டது. ஒன்றைப் பிடித்து இழுத்துச் சென்றால் பாதி வழியிலேயே கைநழுவி விழுந்தது. விளையாட்டில், ஒரு குண்டு போதும் என்ற இடத்தில் இரண்டு பாய்ந்தன. எங்கள் ஊரிலிருந்த ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் கையில்கூட வாங்காமல், “இதெல்லாம் பழுது பார்க்கிற பொருளா? தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு” என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நாளொன்றுக்கு இரண்டு மணிநேர ஆட்டம். நிமிடத்துக்கு அறுபது அழுத்தங்கள் என்று தாராளமாகவே வைத்தாலும் 7,200. மற்ற வேலைகளுக்கு 800 சேர்த்தால் நாளுக்கு 8,000. வாங்கி இருபது மாதங்கள், ஏறத்தாழ 600 நாள்கள். மொத்தம் 48 இலட்சம். இரண்டு கோடியில் கால்பங்குகூட ஆகவில்லை. பெட்டியிலிருந்த எண் பொய்யா?

பொய்யன்று, அந்த எண் சொல்வது வேறொன்றை. பொத்தானுக்கு அடியில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. மைக்ரோ சுவிட்ச் என்பர். அதற்குள் மயிலிறகின் ஈர்க்குப்போல மெல்லிய செப்புக்கலவைத் தகடு ஒன்று வளைத்து இறுக்கி வைக்கப்பட்டிருக்கும். மேலிருந்து அழுத்தும்போது அத்தகடு சட்டென்று கீழே தாவி மற்றோர் உலோகப்புள்ளியைத் தொடுகிறது. நாம் கேட்கும் ‘கிளிக்’ அந்தத் தாவலின் ஒலி. ஆனால், உலோகம் உலோகத்தின்மீது விழும்போது ஒரேயடியாக ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் விழுந்த பந்துபோலச் சிலமுறை துள்ளிய பிறகே அமைகிறது. இத்துள்ளல் ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நீடிப்பது. சுட்டிக்குள் இருக்கும் நிரல் அந்நேரம்வரை பொறுத்திருந்து, எல்லாத் துள்ளலையும் சேர்த்து ஓர் அழுத்தமாக எண்ணிக்கொள்ளும். நாளாக நாளாகத் தகட்டின் முறுக்குத் தளர்கிறது, தொடுமுனையில் களிம்பு ஏறுகிறது, துள்ளல் நீள்கிறது. நிரலின் பொறுமையைத் துள்ளல் தாண்டும் நாளில் ஒன்று இரண்டாகிவிடும். சோதனைக்கூடத்தில் எந்திரக்கை ஒன்று ஒரே விசையில், ஒரே சீராக அழுத்திப் பார்த்துக் கணித்த எண்தான் அந்த இரண்டு கோடி. அங்கே மே மாதத்து வியர்வை இல்லை. நூல் பிசிறு இல்லை. தோற்ற ஆத்திரத்தில் பொத்தானைக் குத்தும் பதினாறு வயதுப் பையனும் இல்லை. ஐந்து கோடி, எட்டு கோடி என்று அச்சிட்ட சுவிட்சுகள் இன்று கிடைக்கின்றன. அவற்றையும் இவ்வாறே படித்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் நான் பின்னாளில் அறிந்தவை. அன்று அறிந்திருந்தது ஒன்றே: சுட்டி செத்துவிட்டது.

“ஏன் செத்தது?” என்று கேட்டார் அப்பா.

“அதெல்லாம் தெரியாது. பழையதாகிவிட்டது.”

“இரண்டு வருடம்கூட ஆகவில்லையே” என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டார். திருகாணியைத் தேடினார், கண்ணுக்கு ஒன்றும் தென்படவில்லை. பிறகு பெருவிரலால் அடிப்பகுதியைத் தடவிக்கொண்டே போனார். சுட்டி வழுக்கிச் செல்வதற்காக ஒட்டியிருந்த வெண்ணிறப் பட்டையின் ஓரிடத்தில் விரல் சற்று அமிழ்ந்தது. “இதற்குக் கீழே இருக்கிறது” என்றார். அந்தப் பட்டையை நகத்தால் உரசிப் பார்த்து, “டெஃப்லான். ரெக்சின் தைக்கும்போது எந்திரத்தில் போடுகிற பாதமும் இதில்தான் வரும், ஒட்டாமல் வழுக்கும்” என்று வியந்துகொண்டார். பக்கத்து வானொலிப் பழுதுக்காரரிடம் நட்சத்திரத் திருப்புளியை இரவல் வாங்கி வரச் சொன்னார். நான் போய்வருவதற்குள் பட்டைகளைக் கிழியாமல் உரித்து வெட்டுமேசையின் விளிம்பில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்.

மேல்மூடியைத் திறந்தபோது நாங்கள் இருவருமே ஒருகணம் பேசவில்லை. சக்கரத்தின் அச்சில் பலநிற நூல்கள் சுற்றியிருந்தன. மூலைகளில் பஞ்சு திரண்டிருந்தது. வியர்வையும் தூசும் கலந்த கருநிறப் பசை பொத்தான்களின் ஓரங்களில் படிந்திருந்தது. இடையிடையே முறுக்குத் துகள்கள். அது முழுக்க என் கையழுக்கு. எனக்கு நாணமாக இருந்தது. அப்பா தம் தூரிகையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அம்மா அழைத்தார் என்று நான் உள்ளே போனேன்.

திரும்பியபோது மூடி மாட்டப்பட்டிருந்தது. சக்கரம் ஒலியே இல்லாமல் வெண்ணெய்போல் சுழன்றது. “ஒரு துளி விட்டேன்” என்றார் மகிழ்ச்சியோடு.

மறுநாள் காலையில் சக்கரத்தைக் கீழ்நோக்கி உருட்டினால் திரையின் பக்கம் மேலே ஏறியது, நின்றது, குலுங்கியது. சக்கரத்தின் அச்சுமுனை ஒரு சிறிய உலோகக் கூட்டுக்குள் நுழைகிறது. சக்கரம் எத்திசையில் எத்தனை படி சுழன்றது என்பதை எண்ணும் மின்தொடுமுனைகள் அதற்குள் இருக்கின்றன. எண்ணெய் அங்கே வழிந்து, எஞ்சியிருந்த தூசைக் குழைத்து, அத்தொடுமுனைகளின்மேல் பூசிவிட்டது. இடப்பொத்தானின் இரட்டை அழுத்தமோ அப்படியே இருந்தது.

நான் கத்தினேன். “இதில் எண்ணெய் விடலாமா? தெரியாத பொருளில் ஏன் கைவைக்கிறீர்கள்? ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சுட்டி!”

அப்பா கத்தரிக்கோலை மேசையில் வைத்தார்.

“சுழல்கிற பொருளுக்கு எண்ணெய் வேண்டும் என்று நினைத்தேன் தம்பி. தப்புத்தான்.” சிறிதுநேரம் கழித்து, அதே குரலில், “பன்னிரண்டு சட்டை” என்றார். பிறகு கேட்டார்: “உன் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே சுட்டிதானா?”

நான் விடை சொல்லவில்லை.

“நீ இதை வாங்கிய அடுத்த மாதம் உங்கள் பள்ளிக்குச் சீருடை அளவெடுக்க வந்தேன். கணினி அறைக்குப் பக்கத்து வகுப்பில்தான் அளவெடுத்தோம். சன்னல் வழியாகப் பார்த்தேன். அங்கே எல்லாவற்றிலும் இரண்டு பொத்தான். உன்னுடையதில் ஆறு.” இலேசாகச் சிரித்தார். “பொத்தான் எண்ணுவதுதானே என் பிழைப்பு.”

“பிறகு ஏன் கேட்கவில்லை?”

“நீயே சொல்லுவாய் என்று இருந்தேன்.”

பத்தொன்பது மாதங்கள் அவர் அப்படி இருந்திருக்கிறார். நான் ஞாயிறுதோறும் பக்கத்து அறையில் ஆடியபோதும், இரவு விளக்கணைக்கச் சொன்னபோதும், செய்முறைத் தேர்வு எப்படி எழுதினாய் என்று கேட்டபோதும் இருந்திருக்கிறார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ளும் பழக்கமும் இல்லை. அன்று மாலை அவருடைய எந்திரத்தின் கீழே கிடந்த துணித்துண்டுகளை நான் பெருக்கினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காலைத் தூக்கிக்கொண்டார்.

கல்லூரி சென்னையில் கிடைத்தது. சுட்டியையும் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றேன். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவைப் பற்றி விடுதி நண்பர்கள் சொன்னார்கள். மின்னணுப் பொருளில் எந்தச் சிறு உறுப்பையும் அங்கே தேடிப் பிடித்துவிடலாம். மூன்று கடைகள் ஏறி இறங்கியபின், பழைய சுவிட்சைக் கையில் வாங்கிப் பார்த்த ஒரு கடைக்காரர் அதேபோன்ற இரண்டை எடுத்துத் தாளில் மடித்துத் தந்தார். ஒன்று நாற்பது ரூபாய். சுத்தம் செய்வதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சிறு புட்டியும் வாங்கிக்கொண்டேன். ஆக, முக்கால் சட்டை.

சுவிட்சை மாற்றுவது கடினமான வேலையன்று. பொறுமை கேட்கும் வேலை. ஒவ்வொன்றுக்கும் மூன்று கால்கள். கல்லூரி ஆய்வகத்தின் உதவியாளர் சால்டரிங் கோலைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பழைய ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நட்டேன். முதல் சுவிட்சைத் திருப்பி வைத்துவிட்டேன். அதன் தலையிலுள்ள சிறு குமிழ் நடுவில் இராது. ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். திருப்பி வைத்தால் மேற்பொத்தான் அதைத் தொடாது. மீண்டும் உருக்கி, மீண்டும் நட்டேன். சக்கரத்தின் உலோகக் கூட்டில் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுழற்றினேன்; கறுத்த எண்ணெய் வழிந்தது; பஞ்சால் ஒற்றினேன். முதல் முறை மாற்றமில்லை. மூன்றாம் முறைக்குப்பின் ஓரிரவு காயவிட்டுச் செருகினேன். பக்கம் கீழே உருட்டினால் கீழே போயிற்று.

அதற்குப் பிறகு விடுதியில் என்னிடம் சுட்டிகள் வரத் தொடங்கின. நாற்பது ஐம்பது திறந்து பார்த்திருப்பேன். அவற்றுள் பெரும்பாலானவை சாகவில்லை, அழுக்காக இருந்தன. நடுங்கும் சுட்டி என்று கொண்டுவரும் பத்தில் நான்கைந்துக்கு வில்லையிலிருந்த முடியே காரணம். ஆகவே திறப்பதற்குமுன் வெளியிலிருந்து தொடங்குவது நல்லது. முதலில் வடத்தைப் பிடுங்கிவிடுங்கள்; வடமில்லாததாயின் அணைத்துவிடுங்கள். வேறொரு கணினியில் செருகிப் பார்த்துக் கோளாறு சுட்டியினுடையதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடியிலுள்ள துளையில் வாயால் ஊதாதீர்கள். எச்சில் தெறித்து வில்லையில் காய்ந்துவிடும். பஞ்சுக்குச்சியோ, அப்பா செய்ததுபோல் ஊசியின் காதுப்பக்கமோ போதும். மேற்கூட்டைச் சற்றே ஈரமான மென்துணியால் துடைக்கலாம். ஆல்கஹாலைப் பயன்படுத்துவதாயின் மறைவான ஓரிடத்தில் தொட்டுப் பாருங்கள். சில வண்ணப்பூச்சுகளை அது கரைத்துவிடும். இரப்பர் பூசிய சுட்டிகள் சென்னை போன்ற ஈரக்காற்றுள்ள ஊர்களில் சில ஆண்டுகளில் பிசுபிசுக்கத் தொடங்கும். அது அழுக்கன்று; பூச்சே சிதைகிறது. வாங்கும்போதே அவ்வகையைத் தவிர்ப்பது என் வழக்கம்.

வடம் பெரும்பாலும் சுட்டியின் கழுத்தில், அதாவது உடலுக்குள் நுழையும் இடத்தில்தான் அறும். உள்ளே தலைமுடி போன்ற செப்புக்கம்பிகள். ஒரே இடத்தில் மடங்கி மடங்கி ஒவ்வொன்றாக முறியும். எனவே, வேலை முடிந்ததும் வடத்தைச் சுட்டியின் உடலைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். தளர்வான வளையமாக வைத்தால் போதும். வடமில்லாச் சுட்டிகளில் முதலில் தளர்வது மின்கலம். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவைப்பதும், முழுதும் தீர்ந்த நிலையில் பல மாதங்கள் மூடி வைப்பதும் அதற்கு ஆகாதவை. துணியாலான சுட்டித்திண்டை மாதம் ஒருமுறை மென்சோப்பில் அலசி நிழலில் காயவையுங்கள். திண்டில் மணல் இருந்தால் டெஃப்லான் பட்டைகள் அரம் போட்டாற்போல் தேயும். அவை தேய்ந்தாலும் தனியே வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். முறுக்கு தின்ற கையோடு ஆடாதீர்கள் என்பதை நான் சொல்லத் தகுதியற்றவன்.

இரட்டை அழுத்தம் தொடங்கிவிட்டால் துடைப்பதால் தீராது. சில சுட்டிகளில், நிரல் பொறுத்திருக்கும் நேரத்தை நாமே கூட்டிக்கொள்ள வழியுண்டு. பொத்தான் சற்றே தாமதமாக விடைதரும். ஆனால் சில மாதங்கள் கூடுதலாக உழைக்கும். உலோகம் உலோகத்தைத் தொடாமல், ஒளிக்கற்றையை மறித்து அழுத்தத்தை உணரும் சுவிட்சுகளும் இப்போது வந்துள்ளன. அவற்றில் துள்ளலுக்கு இடமில்லை. எனினும் சக்கரமும் வடமும் எல்லாவற்றிலும் தேய்பவையே. நான் கண்ட அளவில், நாள்தோறும் பல மணிநேரம் ஆடுபவரிடம் கவனிப்பாரற்றுக் கிடந்த சுட்டி இரண்டு மூன்று ஆண்டுகளில் கைவிட்டுவிடுகிறது. துடைத்து வைத்துக்கொண்டவர்கள் ஐந்தாறு ஆண்டுகள் ஓட்டுகிறார்கள். சுவிட்சை மாற்றத் துணிந்தால் அதற்கு மேலும் போகும். எதற்கும் உதவாது என்றான பிறகும் வீட்டுக் குப்பையோடு அதைப் போடலாகாது. ஈயமும் பிறவும் மண்ணில் சேரும். மின்னணுக் கழிவைத் தனியே பெறுபவரிடம் கொடுப்பதே முறை.

முதற் பருவம் முடிந்து பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சுட்டியை அப்பாவிடம் காட்டினேன். எந்திரத்தை நிறுத்திவிட்டு வாங்கினார். காதருகே வைத்து இடப்பொத்தானை அழுத்தினார், வலப்பொத்தானை அழுத்தினார், மீண்டும் இடம்.

“ஒலி மாறியிருக்கிறது” என்றார்.

“புதியது அப்பா. இரண்டையும் மாற்றிவிட்டேன். எண்ணெயையும் எடுத்துவிட்டேன்.”

“பழையது எங்கே?”

தாளில் மடித்து வைத்திருந்தேன். கொடுத்தேன். அவர் அவற்றை உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்தார். “எவ்வளவு ஆயிற்று?” என்று கேட்டார்.

“எண்பது ரூபாய். மருந்துக்குப் பத்துப் பன்னிரண்டு.”

தலையசைத்துவிட்டு எந்திரத்தை மிதிக்கத் தொடங்கினார். நான் கதவோரம் நின்றுகொண்டே, “அப்பா, அன்றைக்கு நான் பொய் சொல்லித்தான் வாங்கினேன்” என்றேன். எந்திரத்தின் ஓசையில் கேட்டதோ என்னவோ. அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. ஆனால், தையல் முடிந்து நூலை அறுத்தபின், “சட்டை அளவு கொடுத்துவிட்டுப் போ. தோள் அகன்றிருக்கிறது” என்றார்.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தேன். சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது. அப்பா உறங்கிக்கொண்டிருந்தார். பழைய பிஸ்கட் டப்பாவில்தான் அவர் பொத்தான்களைப் போட்டு வைப்பார். வெள்ளைப் பொத்தானைத் தேடிக் கிளறியபோது, நாலுகண் பொத்தான்களுக்கும் கொக்கிகளுக்கும் நடுவே கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. சிறு தாளுறை. பிரித்தால் அந்த இரண்டு சுவிட்சுகள். உறையின்மேல் அளவு எழுதும் நீலப் பென்சிலால், ‘தேய்ந்தது’ என்று எழுதியிருந்தார்.